சிலபஸ் முடியவில்லை என்ற சாட்டு

"உயர்தர வகுப்பிலை செயற்றிட்டம், குழுவேலை, கலந்துரையாடல் ஒண்டும் சரிவராது. அதெல்லாம் கீழ் வகுப்புப் பிள்ளையளுக்கு. ஏஎல் எண்டால் சிலபஸை முடிக்க வேணும், பாஸ் பேப்பர் செய்விக்க வேணும்." யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளின் ஆசிரியர் அறைகளில் இந்தப் பேச்சு எழாத தவணை இல்லை. பெற்றோர் கூட்டத்திலும் இதுவே ஒலிக்கிறது. மாணவர்களும் இதையே நம்பி, தரம் 13இன் நடுப்பகுதியிலேயே பாடசாலைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டு ரியூட்டரிகளில் நாளைக் கழிக்கிறார்கள். இந்த எண்ணம் பிழையானது. அது பிள்ளைகளின் பரீட்சையையும் கெடுக்கிறது, படிப்பையும் கெடுக்கிறது.

மருதனார்மடத்தை வைத்தே இதை மறுக்கிறேன். காங்கேசன்துறை வீதியில், இணுவிலுக்கும் சுன்னாகத்துக்கும் இடையில் உள்ள அந்தச் சந்தியைச் சுற்றி, சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்துக்குள் ஓர் உயர்தர ஆசிரியருக்கு வேண்டிய அத்தனையும் கிடக்கிறது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் பெண்பிள்ளைகளுக்கென்று தொடக்கிய இராமநாதன் கல்லூரி அங்கே இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின், அவர் பெயரைத் தாங்கிய ஆற்றுகை, காண்பியக் கலைகளுக்கான பீடமும் அங்கேதான். வலிகாமம் வலயக் கல்வி அலுவலகமும் அதே ஊரில் இயங்குகிறது. குடாநாட்டின் பெரிய மரக்கறிச் சந்தைகளில் ஒன்று சந்தியிலேயே கூடுகிறது. சுற்றிவரச் செம்மண் தோட்டங்கள். தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு. இவ்வளவையும் அயலில் வைத்துக்கொண்டு, நாலு சுவருக்குள் குறிப்புச் சொல்லி எழுதுவிப்பதுதான் உயர்தரக் கற்பித்தல் என்று நாம் தீர்மானித்திருக்கிறோம்.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் அதன் முழுப் பலத்தோடு சொல்லிவிட வேண்டும். உயர்தரப் பரீட்சை இந்த நாட்டில் ஒரு பிள்ளையின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. மூன்று பாடங்கள், அவற்றின் இசட் புள்ளி, அவ்வளவுதான். 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு அந்தப் புள்ளியே அளவுகோல். தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் வரை கணிக்கப்படும் அதில், கடைசி இலக்கத்தில் ஏற்படும் வித்தியாசம்கூட மருத்துவ பீடத்துக்கு உள்ளேயும் வெளியேயும் ஆளைப் பிரித்துவிடுகிறது. அதோடு, யாழ்ப்பாணத்தாருக்குப் பரீட்சை என்பது பழைய காயமும்கூட. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல், கெட்டிக்காரப் பிள்ளைகளின் முகத்தில் பல்கலைக்கழகக் கதவை அடித்துச் சாத்தியதை எங்கள் பெற்றோர் தலைமுறை மறக்கவில்லை. போர்க்காலத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் இன்று பெற்றோராக இருக்கிறார்கள். "என்ரை பிள்ளையிலை புது முறை ஒண்டும் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம் சேர்" என்று அவர்கள் கேட்கும்போது, அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆகவே, பரீட்சை முக்கியமில்லை என்று ஓரிடத்திலும் வாதிடப் போவதில்லை. பரீட்சையில் நின்றே பேசுகிறேன்.

சிலபஸை முடிக்க நேரமில்லை என்கிறார்கள். இப்போதைய முறையில் அது முடிகிறதா? ஒரே அலகைப் பாடசாலையில் ஒருமுறை சொல்லித் தருகிறார்கள். ரியூசனில் 'தியரி' வகுப்பென்று இன்னொருமுறை. பிறகு 'ரிவிஷன்' வகுப்பு, அதற்குப் பிறகு 'பேப்பர்' வகுப்பு. சொல்லிக்கொடுத்தால் விளங்கிவிடும் என்பது உண்மையானால் ஒருமுறை சொன்னதோடு வேலை முடிந்திருக்க வேண்டும். நாலு தரம் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், சொல்வது ஒன்று, பிள்ளைக்குள் இறங்குவது வேறொன்று என்று நாமே ஒத்துக்கொண்டதாக ஆகிறது. நேரம் இல்லாமல் இல்லை. இருக்கிற நேரத்தை ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து கரைக்கிறோம். அந்தத் திரும்பல்களுக்குப் பெற்றோர் காசு கொடுக்கிறார்கள். பிள்ளைகள் நித்திரையைக் கொடுக்கிறார்கள்.

பிள்ளைகளே விரிவுரையைத்தான் விரும்புகிறார்கள் என்றும் சொல்லப்படுகிறது. உண்மைதான். நன்றாகப் பேசும் ஒரு ரியூசன் ஆசிரியரின் வகுப்பில் நூற்றுக்கணக்கானோர் நெருங்கியடித்து இருப்பதைக் காண்கிறோம். 2019இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பௌதிக வகுப்புகளில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரே உள்ளடக்கத்தை ஒரு பகுதியினர் தேர்ந்த விரிவுரையாகக் கேட்டார்கள்; மற்றவர்கள் குழுவாகக் கணக்குகளோடு மல்லுக்கட்டி, பிறகு விளக்கம் பெற்றார்கள். விரிவுரை கேட்டவர்கள் தாங்கள் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். சோதனையில் கூடிய புள்ளி பெற்றவர்கள் மல்லுக்கட்டியவர்கள். தெளிவான பேச்சைக் கேட்கும்போது எல்லாம் விளங்கியதுபோல் இருக்கும். தானே செய்யும்போதுதான் எது விளங்கவில்லை என்று தெரியும். அந்தத் தெரிதல் மனதுக்கு இதமாக இருக்காது. ஆனால் ஓகஸ்டிலோ நொவெம்பரிலோ பரீட்சை மண்டபத்தில் முதல்முறையாக அதை உணர்வதைவிட, வகுப்பறையில் ஒரு வருடம் முன்னதாக உணர்வது எவ்வளவோ மேல்.

இனி வினாத்தாளைப் பார்ப்போம். பௌதிகவியல் இரண்டாம் பத்திரத்தின் முதற்பகுதி அமைப்புக் கட்டுரை; நான்கு வினாக்கள், நான்கும் கட்டாயம். அவற்றிற் பெரும்பாலானவை ஆய்வுகூடச் செய்முறைகளைச் சுற்றியே வருகின்றன. இந்த வாசிப்பை ஏன் இரண்டு முறை எடுக்கிறாய், வழு எங்கே வரும், வரைபின் படித்திறன் எதைத் தரும், குழாயை ஏன் நிலைக்குத்தாகப் பிடிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். இரசாயனவியலிலும் உயிரியலிலும் இதேபோன்ற வினாக்கள் உண்டு. அந்த உபகரணத்தைக் கையால் தொடாத பிள்ளை விடையை மனனம் செய்துகொண்டு போகிறது. வினாவைச் சற்றுத் திருப்பிக் கேட்டுவிட்டால் தடுமாறுகிறது. ஆகவே, 'செய்து படிக்க நேரமில்லை, பரீட்சைக்கு ஆயத்தம் செய்ய வேண்டும்' என்பது தன்னைத் தானே மறுக்கும் கூற்று. பரீட்சையே செய்தவர்களைத்தான் தேடுகிறது.

ஒரு பாடத்தை எடுத்து, எப்படித் திட்டமிடலாம் என்று காட்டுகிறேன். திரவ அமுக்கம், தரம் 12 பௌதிகவியல்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வலிகாமத்து வழுக்கையாறும் மாரிக்கு மட்டும் உரியது. குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும், சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்கும் மழைநீரே எங்களுக்குக் கதி. அந்த நன்னீர், கீழே கிடக்கும் கடல்நீரின் மேல் வில்லை வடிவில் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீரின் அடர்த்தி கன மீற்றருக்கு 1000 கிலோகிராம்; கடல்நீரினது ஏறத்தாழ 1025. யூ-குழாய்ச் செய்முறையில் பிள்ளைகள் எழுதும் அதே சமன்பாட்டை இங்கே வைத்துப் பாருங்கள். கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றருக்கு நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்று விடை வரும். நீர்மட்டத்தை இறைத்து இறைத்து 1 மீற்றர் தாழ்த்தினால், கீழேயுள்ள உவர்நீர் 40 மீற்றர் மேலேறப் பார்க்கும். ஒல்லாந்தரான கைபனும் ஜேர்மனியரான ஹெர்ஸ்பேர்க்கும் தங்கள் கடற்கரை மணற்பரப்புகளைப் பார்த்துக் கண்டுகொண்ட தொடர்பு இது. புத்தூர் நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது எங்கள் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்தே கேள்விப்பட்ட சங்கதி. அது இந்தச் சமன்பாட்டுக்குள் இருக்கிறதென்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

இதற்கு இரண்டு பாடவேளை போதும். முதலாவதில் ஆசிரியர் ஒரே ஒரு கேள்வியோடு உள்ளே போகிறார்: "இணுவிலிலை ஒரு தோட்டக் கிணற்றிலை நாள் முழுக்க மோட்டர் ஓடுது. நீர்மட்டம் அரை மீற்றர் இறங்குது. அடியிலை உள்ள உப்புத் தண்ணி எவ்வளவு மேலை வரும்?" ஒவ்வொருவரும் முதலில் தனியே ஒரு விடை எழுத வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வேண்டும். பிறகு கையுயர்த்தி மறுபடி விடை சொல்ல வேண்டும். ஹார்வர்ட்டில் எரிக் மசூர் 1991 முதல் தமது பௌதிக வகுப்புகளில் செய்துவரும் முறையின் சாரம் இவ்வளவுதான். இதற்குப் பன்னிரண்டு பதினைந்து நிமிடம் போகும். மிச்ச நேரத்தில் ஆசிரியர் கரும்பலகையில் சமன்பாட்டைப் படிப்படியாகப் பெற்றுக் காட்டுகிறார். இப்போது பிள்ளைகள் கேட்கிறார்கள். ஏனென்றால் தாங்கள் சொன்ன விடை சரியா பிழையா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. இரண்டாவது பாடவேளையில் யூ-குழாய். நன்னீரும் உப்புநீரும் கலந்துவிடும் என்பதால் தண்ணீரும் மண்ணெண்ணெயும் எடுக்கலாம். 10 சென்ரிமீற்றர் மண்ணெண்ணெயை ஏறத்தாழ 8 சென்ரிமீற்றர் தண்ணீர் தாங்கி நிற்பதை அவர்களே அளக்கிறார்கள். வீட்டுக்கு, அதே செய்முறை பற்றிய ஒரு கடந்தகால அமைப்புக் கட்டுரை வினா. விரிவுரையாக நடத்தினாலும் இந்தப் பகுதிக்கு இரண்டு பாடவேளை போகத்தான் செய்யும். எங்கே நேரம் வீணானது?

இனிச் செயற்றிட்டம். புரட்டாதி முடிவில், மாரி தொடங்கு முன், வகுப்பில் நாலைந்து குழுக்கள் தங்கள் வீட்டுக்குக் கிட்டிய கிணறு ஒவ்வொன்றைத் தெரிந்துகொள்ளட்டும். கிழமைக்கு ஒருமுறை கயிற்றில் பாரம் கட்டி நீர்மட்டத்தை அளந்து தைமாதம் வரை பதியட்டும். மழை எவ்வளவு பெய்தது, எத்தனை நாள் கழித்து நீர்மட்டம் ஏறியது, சுண்ணாம்புக்கல்லுக்குள் நீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று வரைபு கீறட்டும். புவியியல் படிக்கிற பிள்ளைகளும் இதே தரவை எடுத்துத் தங்கள் படத்தில் குறிக்கலாம். சமன்பாடு சொல்வதும் கிணறு காட்டுவதும் பொருந்தாத இடங்கள் வரும். குகைகளும் வெடிப்புகளும் நிறைந்த சுண்ணாம்புக்கல்லில் அப்படி வரத்தான் வேண்டும். ஒரு மாதிரியுருவின் எல்லை எங்கே என்று ஒரு பிள்ளை அங்கேதான் கற்றுக்கொள்கிறது. எந்த ரியூட்டிலும் அந்தப் பாடம் அச்சாகவில்லை.

இரசாயனவியல் வகுப்புக்கு இன்னும் பெரிய பொருள் பக்கத்திலேயே கிடக்கிறது. மருதனார்மடத்துக்கு அடுத்த ஊரான சுன்னாகத்தில், அனல் மின்நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக மக்கள் முறையிட்டார்கள். குடாநாடே கலங்கியது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பரிசோதனைகளும் வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவின் முடிவுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. சூழலியலாளர் ஒருவர் 2015இல் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில், 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம் மின் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்ட மக்களுக்காக 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு கட்டளையிட்டது. ஒரே நிலத்தடி நீரைப் பற்றி இரண்டு அறிக்கைகள் எப்படி இரண்டு விதமாகச் சொல்ல முடியும்? மாதிரியை எங்கே எடுத்தார்கள், எந்த ஆழத்தில், எந்தப் பருவத்தில், எந்தப் போத்தலில்? எதைத் தேடினார்கள், எதைத் தேடவில்லை? இந்தக் கேள்விகளைவிடச் சிறந்த பகுப்பாய்வு இரசாயனப் பாடம் உலகத்தில் எங்கே கிடைக்கும்?

எண்ணெயை மட்டும் பார்க்க வேண்டியதில்லை. உரமும் மலக்கழிவும் இறங்குவதால் வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று கூடுவது பல ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டப்படுகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நைத்திரேற்றை அளக்க வசதியில்லாவிட்டாலும், நீரில் கரைந்துள்ள ஒட்சிசனை விங்ளர் முறையில் துணிவது உயர்தரச் செய்முறைப் பட்டியலிலேயே இருக்கிறது. அந்த நியமிப்பை ஆய்வுகூடக் குழாய்த் தண்ணீரில் செய்து முடிப்பதற்குப் பதிலாக மூன்று கிணறுகளின் நீரில் செய்தால் கூடுதலாகச் செலவாவது மூன்று போத்தல்கள். செய்த பிள்ளைக்கு அந்த எண்கள் தன் அம்மா குடிக்கும் தண்ணீரின் எண்களாகின்றன.

பொருளியல் ஆசிரியருக்கு மருதனார்மடம் சந்தையே வகுப்பறை. வடக்கின் மரக்கறிச் சந்தைகளில் விவசாயி கொண்டுவரும் பொருளில் நூற்றுக்குப் பத்து வீதத்தைக் கழிவு என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் நீண்டகாலச் சச்சரவு. அந்தக் கழிவின் சுமை யார் தலையில் விழுகிறது, விவசாயி மீதா, வாங்குபவர் மீதா, கேள்வியின் நெகிழ்ச்சி கூடினால் என்ன ஆகும் என்று ஒரு காலைப்பொழுது விலைகளைக் குறித்து வந்து வாதிடட்டும். கத்தரிக்காய் காலை ஆறு மணிக்கு விற்ற விலையும் பத்து மணிக்கு விற்ற விலையும் ஒன்றாக இருப்பதில்லை. பாடநூலில் இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் சமநிலை விலை அங்கே ஆட்கள் வாய்விட்டுப் பேசும் பேரமாக நடக்கிறது.

இவ்வளவு சொன்னபிறகும், படித்தவர்கள் வைக்கும் ஓர் எதிர்வாதம் எஞ்சியிருக்கிறது. எதிர்வாதங்களில் அதுவே வலுவானது. 2006இல் கேர்ஷ்னர், சுவெல்லர், கிளார்க் என்ற மூன்று ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை உலகெங்கும் பேசப்பட்டது. வழிகாட்டல் குறைந்த கண்டுபிடிப்புக் கற்றல், புதிதாகக் கற்பவருக்குப் பயன் தருவதில்லை. கற்பவரின் செயல்படு நினைவு மிகச் சிறியது. தெரியாத ஒன்றைத் தாங்களே தேடும்படி விட்டால் அது நிரம்பி வழிந்து ஒன்றும் தங்காமற் போகிறது என்பது அந்த ஆய்வாளர்களின் வாதம். அதை நான் ஏற்கிறேன். ஒரு தலைப்பைக் கொடுத்து "போய்ச் செய்துகொண்டு வாருங்கோ" என்று அனுப்புவது கற்பித்தல் ஆகாது. அதனால்தான் மேலே சொன்ன பாடத்தில் ஆசிரியர் கரும்பலகையில் நின்று தெளிவாக விளக்கும் நேரம் முழுதாக இருக்கிறது. திட்டமிடல் என்பதே அங்கேதான் வருகிறது: எதை நேரே சொல்லித் தர வேண்டும், எதை அவர்கள் தேட வேண்டும், தேடும் முன் அவர்கள் கையில் எந்த அறிவு இருக்க வேண்டும், எங்கே தடுமாறுவார்கள், அங்கே ஆசிரியர் எந்தக் கேள்வியோடு காத்திருக்க வேண்டும். இந்த முடிவுகளை எடுக்க விரிவுரைக் குறிப்பு எழுதுவதைவிடக் கூடிய உழைப்பும் பாட அறிவும் வேண்டும். செயற்றிட்ட முறை ஆசிரியரைச் சும்மா இருக்க விடுகிறது என்பவர்கள் அதை ஒருநாளும் உண்மையாகத் திட்டமிட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்படித் திட்டமிட்டுச் செய்தால் பரீட்சையில் என்ன நடக்கும்? இதற்கும் விடை உண்டு. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர் எழுதும் ஏபி என்ற பரீட்சை, பல்கலைக்கழகத்துக்கு உதவும் கனமான பரீட்சை. அதற்கான சுற்றாடல் விஞ்ஞானம், அரசாங்கம் ஆகிய இரு பாடங்களில் பாடசாலைகளை எழுமாறாகப் பிரித்து, ஒரு பகுதியில் செயற்றிட்டங்களை மையமாக வைத்தும் மறு பகுதியில் வழமைபோலவும் கற்பித்தார்கள். 2021இல் வெளிவந்த முடிவின்படி, செயற்றிட்ட வகுப்புகளில் சித்தியடைந்தோர் வீதம் முதலாண்டிலேயே ஏறத்தாழ 8 புள்ளிகள் உயர்வாக இருந்தது. அந்த ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் ஆண்டு முழுவதும் ஆதரவும் கிடைத்தன என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆதரவில்லாமல் சுற்றறிக்கை மட்டும் அனுப்பினால் இங்கே அந்த விளைவு வராது.

சுற்றறிக்கை மட்டும் அனுப்பியதன் விளைவைத்தான் நாம் கண்டிருக்கிறோம். பாடசாலைமட்டக் கணிப்பீடு என்ற பெயரில் நடந்தது என்ன? ரெஜிபோமில் வெட்டி ஒட்டிய மாதிரிகள், பெற்றோர் இரவிரவாக விழித்திருந்து முடித்த ஒப்படைகள், போட்டோக் கொப்பிக் கடையில் கட்டிய கோவைகள், முன்மட்டைக்கு ஒரு தங்க நிறக் கரை. ஆசிரியர் படிவங்களை நிரப்பினார். அலுவலகம் படிவங்களை எண்ணியது. ஒரு பிள்ளையும் ஒரு கேள்வியையும் விசாரிக்கவில்லை. இந்தப் போலியைக் கண்டு வெறுத்துப்போன ஆசிரியர்களின் கோபத்தில் முழு நியாயம் இருக்கிறது. கோபம் போலியின் மேல் இருக்க வேண்டும்.

இது வெளிநாட்டிலிருந்து நேற்று வந்த நாகரிகம் என்பதும் பிழை. 1972இல் தொடங்கிய கல்விச் சீர்திருத்தத்தில் சாதாரண தரத்தின் இடத்தில் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழும், உயர்தரத்தின் இடத்தில் உயர் தேசியக் கல்விச் சான்றிதழும் கொண்டுவரப்பட்டன. கீழ் வகுப்புகளில் அவ்வவ்வூர்த் தொழில்களை ஆராயும் தொழில்முன்னிலைப் பாடம் புகுந்தது. மேல் வகுப்பில் செயற்றிட்டம் ஓர் அங்கமாக வைக்கப்பட்டது. 1977இல் ஆட்சி மாறியதும் அந்தப் பரீட்சைகள் கைவிடப்பட்டு, பழைய பெயர்கள் திரும்பின. ஐந்தாறு ஆண்டுகளுக்குள், பயிற்சியும் பொருளும் போதாமல், அவசரமாக நடத்தப்பட்ட ஒன்றை வைத்து "செய்து பார்த்தோம், சரிவரவில்லை" என்று அரை நூற்றாண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். தரப்படுத்தலும் அதே ஆண்டுகளில் வந்ததால், அக்காலத்துக் கல்வி மாற்றம் எதையும் யாழ்ப்பாணம் சந்தேகத்தோடு பார்த்ததை விளங்கிக்கொள்ள முடிகிறது. அந்தச் சந்தேகத்தைக் கற்பித்தல் முறையின் மேல் ஏற்றி வைத்திருப்பதற்கு மட்டும் இன்று காரணமில்லை.

மருதனார்மடத்திலேயே செய்து கற்கும் மரபு அறாமல் இருக்கிறது. 1960களில் இராமநாதன் இசைக் கல்லூரியின் அதிபராக மகாராஜபுரம் சந்தானம் வந்திருந்தார். பின்னர் 1975இல் அந்த நிறுவனம் பல்கலைக்கழக வளாகத்தோடு இணைந்தது. அங்கே யாரும் வயலினைக் குறிப்புக் கொப்பியில் படிப்பதில்லை. மாணவர் வாசிக்கிறார், ஆசிரியர் நிறுத்துகிறார், திருத்துகிறார், மறுபடி வாசிக்கச் சொல்கிறார், ஈற்றில் சபை முன் நிறுத்துகிறார். பக்கத்து இணுவிலில் தவிலும் நாதசுரமும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறியதும் இப்படித்தான். இசைக்குப் பொருந்துகிற முறை இரசாயனத்துக்கு ஏன் பொருந்தாது என்று கேட்டால், "அது கலை" என்று பதில் வருகிறது. நியமிப்பில் கடைசித் துளியை நிறம் மாறும் கணத்தில் நிறுத்துவதும் கையின் கலைதான்.

வசதியுள்ள பாடசாலைகளுக்குத்தான் இதெல்லாம் கட்டுப்படியாகும் என்ற கடைசிச் சாட்டு ஒன்று உண்டு. எனக்கு அதிகம் வருத்தம் தருவது இதுவே. கயிறு, பாரம், போத்தல், மண்ணெண்ணெய், அடிமட்டம்: மேலே சொன்னவற்றுக்கு, ஆய்வுகூடத்தில் வழமையாக உள்ளவற்றைவிடத் தேவைப்பட்டவை இவைதாம். கட்டுப்படியாகாதது ரியூசன். கல்வி அமைச்சர் கன்னங்கராவின் காலத்தில், 1945இல், இந்த நாட்டுக்குக் கிடைத்த இலவசக் கல்வி, உயர்தரத்தில் மாதாமாதம் பாடத்துக்குப் பாடம் காசு கட்டும் கல்வியாகிவிட்டது. தோட்டக் கூலியின் பிள்ளைக்குப் பாடசாலையின் ஆசிரியரை விட்டால் வேறு ஆளில்லை. அந்தப் பாடவேளையில் அந்தப் பிள்ளை யோசிக்கவும் கேட்கவும் செய்யவும் இடம் கிடைக்காவிட்டால், அதற்குப் பின்னேரம் வேறெங்கும் கிடைக்கப் போவதில்லை. வகுப்பறையில் விளங்கப்படுத்துவதை ரியூட்டரிக்குக் கைமாற்றியதால் அதிகம் இழந்தவர்கள் ஏழைப் பிள்ளைகளே.

வலயக் கல்வி அலுவலகத்தாரிடம் ஒன்று கேட்கிறேன். உயர்தர ஆசிரியரின் பாடக்குறிப்பைப் பார்க்கும்போது எத்தனை அலகு முடிந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். இந்தப் பாடத்தில் பிள்ளை எதைச் செய்தது, என்ன கேள்வி கேட்டது, எங்கே பிழைவிட்டது என்று கேளுங்கள். அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகள் ஒன்றாக வரும்படி நேரசூசி போட அதிபர்களை ஊக்குவியுங்கள். ஒரு தவணைக்கு ஒரு செயற்றிட்டம் போதும். கோவை கேட்க வேண்டாம், அலங்காரம் கேட்க வேண்டாம். குழுவாகச் செய்தாலும் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து ஐந்து நிமிடம் பேசுவித்தால், யார் செய்தார், யார் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்துவிடும். "உங்கடை அட்டவணையிலை இந்த மூண்டாவது வாசிப்பு ஏன் விலகி நிக்குது?" என்ற ஒரு கேள்விக்கு விடை சொல்ல முடிந்த பிள்ளை அமைப்புக் கட்டுரைக்கும் விடை எழுதும்.

ஆசிரியர்களே, முழுப் பாடத்திட்டத்தையும் மாற்றும்படி நான் கேட்கவில்லை. வரும் தவணைக்கு உங்கள் பாடத்தில் ஓர் அலகைத் தெரிவுசெய்யுங்கள். பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் பிழைவிடும் அலகாக அது இருக்கட்டும். அதே பாடம் படிப்பிக்கும் பக்கத்துப் பாடசாலை ஆசிரியர் ஒருவரோடு சேர்ந்து இருந்து திட்டமிடுங்கள். அலகு முடிந்தபின் அந்த அலகின் கடந்தகால வினாக்களைக் கொடுத்து, போன வருட வகுப்பின் புள்ளிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புள்ளி குறைந்திருந்தால் என் வாதத்தை ஆசிரியர் அறையில் வைத்தே நிராகரியுங்கள். கூடியிருந்தால், அந்தப் புள்ளிகளை அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டுங்கள்.